கரம்பும் தரிசும்

இக்கட்டுரையில் நான் நேரில் கண்டவற்றையும் என் காதால் கேட்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் சொல்லி அறிந்தவை சில உண்டு. அவற்றைச் சொன்னவரிடமே வேறொரு நாள் மறுபடியும் கேட்டு, அவர் சொல் மாறாதிருந்த பின்னரே சேர்த்திருக்கிறேன். மழை எவ்வளவு குறைந்தது என்று எழுதமாட்டேன், நான் அளக்கவில்லை. வெப்பம் எத்தனை பாகை ஏறியது என்றும் எழுதமாட்டேன். அதை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விலக்கியிருக்கிறேன். இவ்வளவு கட்டுப்பாடு எதற்கென்றால், ஒரே ஒரு பிழை கையில் கிடைத்தால் போதும், அதைக் கொண்டே ஒரு முழுப் பகலை விழுங்கிவிடக் கூடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவ்வாறு விழுங்கப்பட்ட ஒரு பகலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர்களுக்கு இங்கே தீனி கிடைக்கலாகாது.

வைகாசி முடியும் தறுவாயில் ஜவ்வாது மலையின் ஓர் ஊரில், சமுதாயக் கூடத்தில், கூட்டம் ஒன்று நடந்தது. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதற்காக வகுக்கப்பட்ட செயல்திட்டம் ஒன்றின் வரைவை மலை மக்களுக்குப் படித்துக்காட்டி அவர்கள் கருத்தைக் கேட்பது நோக்கம். வரைவு ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழாக்கப்பட்டிருந்தது. அதை உரக்கப் படிக்க என்னை அழைத்திருந்தார்கள். நான் ஆலங்காயத்தில் குடியிருப்பவன்; தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். தாள்களை முன்கூட்டியே அனுப்பினால் மொழியைத் திருத்தித் தருகிறேன் என்று கேட்டேன். அனுப்பவில்லை. கூடத்தின் வாசலில்தான் அவை என் கைக்கு வந்தன.

ஆலங்காயத்திலிருந்து மலையேறும் காலைப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு பெண்ணும் அவருடைய கணவரின் தம்பியும் அமர்ந்திருந்தார்கள். பெண்ணின் மகள் கீழே விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இருவரும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருக்கிறார். இருவரும் அதே கூட்டத்துக்குத்தான் வருகிறார்கள் என்பது அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. பேச்சு என்று சொல்வது மரியாதைக்காக. பேருந்து முழுவதும் கேட்கும்படியான சண்டை அது.

“மரம் வெச்சா கூலி வரும் அண்ணி. அண்ணன் வருசா வருசம் குடகுக்குப் போற வேல மிச்சம். நானும் இங்கியே கெடப்பேன்.”

“கூலி எதுவரைக்கும் வரும்? குழி தோண்டுற வரைக்கும் வரும். அப்பறம் குழியப் பாத்துக்கினு ஒக்காந்திரு.”

“தண்ணி ஊத்த, காவல் காக்க ஆளு வேணும்ல?”

“இன்னா மரம் வெப்பாங்க, அத சொல்லு மொதல்ல.”

“எதுவா இருந்தா இன்னா? நெழல் நெழல்தான்.”

“மாடு வாய் வெக்காத மரத்துக்கு நெழல் எதுக்கு தம்பி? நீ துண்ட விரிச்சுப் படுக்கவா?”

நடத்துநர் வரை எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் விடவில்லை. “சாமை போட்டு இன்னா வாரிக் கொட்டிட்ட? மழ வர்ற மாசமே தெரியல. வெதச்சா காயுது, காய்ஞ்சப்பறம் ஊத்துது. மரமாச்சும் தாங்கி நிக்கும்.”

“தாங்கட்டும். பாறப் பக்கம் வெய்யி, நான் வேணாம்னா சொன்னேன்? மேட்டுக் கொல்லையில கைய வெக்காத.”

மேட்டுக் கொல்லை என்பது வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏறும் மானாவாரி நிலம். சில ஆண்டுகள் தொடர்ந்து சாமை விதைத்தபின், மண் களைத்துவிட்டதென்று அதை உழாமல் விட்டிருந்தார்கள். புதர் எழுந்து, இலை உதிர்ந்து, மாடு மேய்ந்து சாணமிட்டு, நிலம் தானாகத் தேறும்வரை அப்படியே இருக்கும். பிறகு மறுபடியும் சாமை. கீழ்க் கொல்லையின் விளைச்சல் மட்டும் அவர்கள் வீட்டின் வயிற்றுக்குப் போதாது. ஆகவே மேட்டுக் கொல்லை கைவிட்டுப் போனால் சாமையையும் கடையில்தான் வாங்க வேண்டும். அன்றைய கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றே: அந்த நிலம் தன்னிடம் இருக்குமா, திட்டத்துக்குப் போகுமா.

அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே நான் மலையேறினேன். எனக்கு அது பெருமகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்த மரம், எந்த இடத்தில், யாருக்குக் கூலி, யாருக்கு மேய்ச்சல், யார் வீட்டுச் சோறு என்ற கேள்விகள் எல்லாம் அதில் இருந்தன. மழை மாறியதா இல்லையா என்ற கேள்வி மட்டும் இல்லை. அதை இருவரும் எப்போதோ கடந்திருந்தார்கள். விதைத்த கைகள் அவை. அவற்றுக்கு ஐயம் இல்லை. என்ன செய்வது என்பதில்தான் அண்ணியும் கொழுந்தனும் பிளவுபட்டிருந்தார்கள். கூடத்திலும் இதே சண்டை நடக்கும், ஊரே இரண்டாகவோ நான்காகவோ பிரிந்து மோதும், ஒரு முடிவுக்கு வரும் என்று நம்பினேன்.

கூட்டத்தை நடத்தியவர் இளவயது அலுவலர், பெண். சுறுசுறுப்பானவர், இனிமையாகப் பேசுபவர். வெள்ளைத் திரையில் படங்களை ஓடவிட எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். நான் வரைவைப் படிக்கத் தொடங்கினேன். திட்டங்கள் மூன்று. சரிவுகளில் மரம் வளர்ப்பது முதலாவது. அம்மரங்கள் காற்றிலிருந்து ஈர்க்கும் கரியமில வாயு எங்கோ புகைவிடும் ஆலைகளின் பேரில் வரவு வைக்கப்படும். அதற்கு ஈடாக வரும் தொகையில் ஒரு பங்கு ஊருக்கு. ஓடைகளை மறித்துச் சிறு குட்டைகள் அமைப்பது இரண்டாவது. மலையில் விளையும் சாமையை அரசே வாங்கி, பள்ளிக்கூடங்களின் மதிய உணவில் சேர்ப்பது மூன்றாவது. மூன்றிலும் பேசுவதற்கு நிறைய இருந்தது. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று மோதுபவை என்பது கூடத்தில் இருந்த எவருக்கும் புரியும். மரம் நின்ற நிலத்தில் சாமை விளையாது.

முதல் திட்டத்தின் முதல் வாக்கியம் இது: ‘மலைச்சரிவுகளில் தரிசாகக் கிடக்கும் நிலங்களில் மரங்கள் நடப்பட்டு, பராமரிக்கப்பட்டு, வரவு வைக்கப்படும்.’ இதைப் படிக்கும்போதே என் நாக்கு இடறியது. நடப்பட்டு என்றால் யாரால்? பராமரிக்கப்பட்டு என்றால் யாரால்? செயப்பாட்டுவினை தமிழில் உண்டு; ஆனால் செய்பவனை ஒளித்துவைக்க வசதியான பொந்தாக அதைப் பயன்படுத்துவது அண்மைக் கால வழக்கம். வாக்கியத்தில் எழுவாய் இல்லாதபோது பொறுப்பும் இல்லாமற் போகிறது. நடும் கையும் இல்லை, நிலத்துக்கு உடையவரும் இல்லை. கிடக்கும் நிலம் மட்டும் இருக்கிறது.

படித்து முடித்தேன். மரத் திட்டத்துக்கு ஆதரவானவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள்; கொழுந்தனும் தூக்கினார். “யாராச்சும் கருத்து சொல்லலாம்” என்றார் அலுவலர்.

முதலில் எழுந்தவர் மலையைச் சேர்ந்தவர் அல்லர். வாணியம்பாடிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். ஊர் நலனில் அக்கறை உள்ளவர் என்று முன்வரிசையில் அமர்த்தப்பட்டிருந்தார். ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“நான் ஒரு இன்ஜினியரா கேக்குறேன். போன மார்கழியில எனக்குக் கம்பளி பத்தல. ரெண்டு போத்திக்கிட்டுப் படுத்தேன். இதுவா பூமி சூடாவுறது?”

அலுவலரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இந்தக் கேள்விக்கான விடை அவரிடம் இருந்தது, படங்களாகவே இருந்தது. ஒருநாள் குளிருக்கும் பல ஆண்டுப் போக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் திரையில் காட்டி நன்றாகவே விளக்கினார். பொறியாளர் அடுத்ததற்குப் போனார். பூமி இதற்கு முன்னும் சூடாகியிருக்கிறது, குளிர்ந்திருக்கிறது. அதற்கும் படம் இருந்தது. கரியமில வாயு மரத்துக்கு உணவுதானே, மிகுந்தால் நல்லதுதானே? அதற்கும் இருந்தது.

“எல்லாம் சூரியன் பண்ற வேலைம்மா. இதோ காவலூர்ல அவ்ளோ பெரிய தொலைநோக்கி வெச்சிருக்காங்களே, போய்க் கேட்டுப் பாருங்க.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண்டுதோறும் மலைக்கு வந்து புளி வாங்கும் வாணியம்பாடி வியாபாரி. எல்லோரும் பாய் என்று அழைப்பவர். “அவங்க ராத்திரியிலதான் சார் பாக்குறாங்க. ராத்திரியில சூரியன் எங்க மாட்டும்?”

கூடம் அதிர்ந்தது. பேச்சு அதோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பொறியாளரும் சிரித்தார், ஆனால் ஒலிவாங்கியைத் தரவில்லை. அப்போது திரையில் ஒரு வரைபடம் வந்தது. மாவட்டங்கள் பிரிக்கப்படுவதற்கு முந்தைய பழைய படம் அது. மலையின் இந்தப் பக்கம் பழைய மாவட்டத்தின் பெயரிலேயே இருந்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

“மாவட்டம் பிரிஞ்சதே உங்க படத்துக்குத் தெரியல. மழ மாறுனது மட்டும் தெரிஞ்சிடுச்சா?”

அது நல்ல குத்தல். சிலர் கைதட்டவும் செய்தார்கள். அலுவலர் பழைய படம்தான் என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். அவரோ படத்தின் மூலம், அது தயாரான ஆண்டு, எல்லைக்கும் மழைக்கும் தொடர்பில்லாமை என்று தற்காத்துக்கொண்டே போனார். அவர் தற்காக்கத் தற்காக்க இவர் கிளறினார். முற்பகல் கழிந்தது. மரம், குட்டை, சாமை என்ற மூன்று சொற்களையும் அதன்பின் ஒருவரும் சொல்லவில்லை. பேருந்தில் அவ்வளவு வாயாடிய இருவரும் சுவரோரம் சப்பணமிட்டு அமர்ந்து, தங்களுக்குத் தொடர்பில்லாத கச்சேரியைக் கேட்பவர்களைப்போல் இருந்தார்கள்.

பொறியாளர்மேல் எனக்குச் சினம் இருந்தது உண்மை. ஆனால் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, அலுவலர்மேலும் அது திரும்பியது. மழை மாறவில்லை என்பவருக்கு மறுமொழி சொல்வது அவருக்கு எளிது. அறிவியல் முழுவதும் அவர் பக்கம் நிற்கிறது. ‘எந்த மரம்? யார் நிலத்தில்?’ என்று கேட்பவருக்கு மறுமொழி சொல்வது கடினம். அதற்குத் திரையில் படம் இல்லை. வெல்லக்கூடிய வாதம் ஒன்று கிடைத்ததும் அவர் அதிலேயே தங்கிவிட்டார். மறுப்பவரும் விளக்குபவரும் ஒருவருக்கொருவர் வசதி செய்துகொடுத்தார்கள். ஒரு மாமன் மச்சான் உறவுபோலவே அது எனக்குத் தோன்றியது.

நண்பகலில் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்கள் வந்தன. கூடத்துக்கு வெளியே பெண்கள் அமர்ந்து உண்டுகொண்டிருந்த இடத்துக்குப் பொறியாளர் கையில் பொட்டலத்தோடு வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்:

“ஏம்மா, உங்களுக்காகத்தான் தொண்ட கிழியக் கத்துறேன். யாரும் கைதட்ட மாட்டேங்கிறீங்க.”

“எங்களுக்காகவா? எங்களுக்கு இன்னா சார்?”

“காலநிலை மாறுதுன்னு ஒத்துக்கிட்டா இந்தத் திட்டம் வரும். திட்டம் வந்தா ஒன் நெலத்துல மரத்த நட்டுடுவாங்க. மாறவே இல்லன்னு நின்னுட்டோம்னா? திட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒன் நெலம் ஒனக்கே. புரியுதா?”

அவர் இதை ஒளிவுமறைவின்றி, ஏதோ நல்ல உத்தியைச் சொல்லித்தரும் முகத்தோடு சொன்னார். அவருக்கு அறிவியலில் ஐயம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. திட்டம் பிடிக்கவில்லை. திட்டத்தை எதிர்ப்பதற்கு, அது நிற்கும் தரையே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். ஏன் பிடிக்கவில்லை என்பதற்குப் பலர் பல காரணம் சொன்னார்கள்; உறுதிசெய்ய முடியாததால் எழுதவில்லை.

பெண் கையிலிருந்த சோற்றை வாயில் இட்டு, மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

“மழ மாறிப்போச்சு சார். அது எங்களுக்குத் தெரியும். ஆனியில வெதச்சு, கண்ண மூடிக்கினு இருந்த காலம்லாம் போச்சு. அத நீங்க மாறலன்னு சொல்லி, அப்பறம் அதுக்காக என் கொல்லைய எனக்குக் குடுக்க வாணாம். திட்டம் தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. மரம் தப்பா, எடம் தப்பா, கூலி தப்பா, அத சொல்லுங்க. நானும் கூட வந்து கத்துறேன்.”

“அப்படிப் பேசுனா எடுபடாதும்மா.”

“நீங்க மைக்க வுட்டாத்தான தெரியும், எடுபடுதா இல்லியான்னு?”

அருகே நின்ற பாய் இருமினார், சிரிப்பை அடக்கிய இருமல். “சார், அவங்களுக்கும் கொஞ்சம் குடுங்க சார் அந்த மைக்க. நீங்க பேசிப் பேசிச் சூடாக்குறதுல மலையே கொதிக்குது. அப்பறம் அதுக்கு வேற படம் போடுவாங்க.”

பொறியாளர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். பிற்பகலில் கூட்டம் மீண்டும் தொடங்கியபோது ஒலிவாங்கி அவர் கையிலேயே இருந்தது.

பிற்பகலை நான் விவரிக்கப்போவதில்லை. கடல், பனிப்பாறை, எரிமலை என்று மலையில் எவரும் பார்த்திராத பொருள்களெல்லாம் வந்து போயின. அலுவலர் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஓட்டுநர் வாசலில் தலைகாட்டினார். கீழே போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்போது அந்தப் பெண் ஒலிவாங்கிக்குக் காத்திராமல் எழுந்து நின்றார்.

“மேடம், மேட்டுக் கொல்லையில மரம் வெப்பீங்களா, வெக்க மாட்டீங்களா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

அலுவலர் உண்மையான கனிவோடு கேட்டார்: “அந்த நெலத்துல இப்ப என்னம்மா இருக்கு?”

“கரம்பா வுட்டு வெச்சிருக்கேங்க.”

“அதாவது தரிசு.”

இங்கேதான் அந்தப் பிழை நிகழ்ந்தது. மலை மக்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. எதிரே நிற்பவர் அதிகாரி, நல்லவிதமாகக் கேட்கிறார், அவர் வாயிலிருந்து வந்த சொல்லைத் திருத்துவது மரியாதையாகாது. பேருந்தில் கொழுந்தனை ஒரு சொல்லும் விடாமல் விரட்டியவர், பொறியாளரை முகத்துக்கு நேரே கேட்டவர், இங்கே தலையை ஒருபுறம் சாய்த்துச் சொன்னார்:

“தரிசுன்னே வெச்சிக்கோங்க மேடம்.”

நீங்கள் எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள், பொருள் நமக்குத் தெரியும் என்பதுதான் அதன் கருத்து. விருந்தினர் தேநீரைக் காப்பி என்று சொன்னால்கூட இம்மலையில் திருத்தமாட்டார்கள். ஆனால் அலுவலருக்கு அருகில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவருக்கு அது உடன்பாடு. எழுதிக்கொண்டார்.

கரம்பு, தரிசு என்னும் இரண்டு சொற்களையும் அகராதிகள் ஒன்றுக்கொன்று பொருளாகத் தருகின்றன. மொழிபெயர்த்தவர் அகராதியைத்தான் பார்த்திருப்பார், அவரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் சொன்னது வெறும் பெயர்ச்சொல் அன்று. கரம்பாக விட்டு வைத்திருக்கிறேன் என்றார். விட்டவர் இருக்கிறார்; ‘வை’ என்னும் துணைவினையோ, பின்னால் வரப்போகும் ஒரு பயனைக் கருதிச் செய்த செயல் என்பதைக் காட்டுகிறது. நாளைக்கு என்று சோற்றை எடுத்து வைப்பதுபோல நிலத்தை விட்டு வைத்திருக்கிறார். வரைவிலோ நிலம் தரிசாகக் கிடக்கிறது. யாரும் விடவில்லை, யாரும் வைக்கவில்லை, தானே கிடக்கிறது. ஒரு குடும்பம் பல ஆண்டுக்காலம் பார்த்துச் செய்த வேலை ஒரு வினைச்சொல் மாறியதால் வேலையின்மை ஆகிவிட்டது. இதைவிடச் சுருக்கமாக ஒருவரின் நிலத்தைப் பறிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் துள்ளி எழுந்தவர் கொழுந்தன். மரம் வேண்டும் என்று காலையெல்லாம் சண்டையிட்டவர்.

“இன்னா அண்ணி, நீ பாட்டுக்கும் தரிசுன்ற? மேடம், அது தரிசு இல்லீங்க. எங்க கொல்ல. ஓய்வுல இருக்குது.”

அலுவலர் குழம்பினார். “நீங்க மரத்துக்கு ஆதரவுன்னுதானே காலையில கை தூக்குனீங்க?”

“மரம் வேணும்தாங்க. பாறப் பக்கமா வெய்யுங்க, நானே குழி தோண்டுறேன். ஆனா தரிசுன்னு எழுதிட்டா எங்களுக்கு இன்னா பாத்தியத இருக்குது? யாரோ வந்து நடுவான், யாரோ வந்து வெட்டுவான். அண்ணிக்கும் இல்ல, எனக்கும் இல்ல. பட்ட நாமந்தான்.”

அன்று கூடத்துக்குள் திட்டத்தைப் பற்றி எழுந்த முதல் வாதம் அதுவே. கூடத்தில் குரல்கள் எழுந்தன. தங்கள் கொல்லையும் கரம்புதான் என்றார் ஒருவர். மாட்டை எங்கே ஓட்டுவது என்று ஒரு பெண் கேட்டார். சாமையை அரசு வாங்குமென்றால் யார் மரம் கேட்பார்கள் என்றார் இன்னொருவர். மழையே இல்லாதபோது வாங்குவதற்குச் சாமை எங்கே என்று அவருக்குப் பக்கத்திலிருந்தவரே மடக்கினார். காலையில் நான் எதிர்பார்த்து மலையேறிய சண்டை ஒருவழியாகத் தொடங்கிவிட்டது.

நானும் எழுந்து, அந்தச் சொல்லை வரைவில் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ‘குடும்பங்கள் ஓய்வுக்காக விட்டு வைத்துள்ள நிலங்கள் நீங்கலாக’ என்று எழுதுங்கள் என்றேன்.

“வார்த்தைதானே சார், அப்புறம் பாத்துக்கலாம். நேரமாயிடுச்சு” என்றார் அலுவலர். திரை சுருட்டப்பட்டது. ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். குறிப்பெடுத்தவர் எழுந்து முடிவுரையைப் படித்தார். ‘விரிவான விவாதத்துக்குப் பின் வரைவு பொதுவாக வரவேற்கப்பட்டது’ என்பது அதன் கடைசி வாக்கியம். யாரால் வரவேற்கப்பட்டது என்பது அதிலும் இல்லை. பொறியாளர் போகிறபோக்கில் என் தோளைத் தட்டினார். “நல்ல விவாதம் சார். ஜனநாயகம்னா இதுதான்.” நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மறுமொழி சொல்லியிருந்தால் என் வாயிலிருந்து வந்த சொல்லை இங்கே எழுத முடியாமற் போயிருக்கும்.

இருந்த நேரத்தில் பெரும்பகுதியை, கூடத்திலிருந்த எவருக்கும் ஐயமில்லாத ஒன்றை மெய்ப்பிக்கச் செலவிட்டார்கள். எல்லோருக்கும் மாறுபட்ட கருத்திருந்த ஒன்றுக்கு, ஓட்டுநர் வண்டியைத் திருப்பும் நேரம்கூடக் கிடைக்கவில்லை. வெயில் கூடுகிறது என்பதை, படித்தவர்கள் மலைக்கு வந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அம்மக்கள் இல்லை. என்ன செய்யலாம் என்பதில் அவர்கள் வாயைத் திறக்கவிடுவதுதான் கூட்டத்தின் ஒரே வேலை. அதைத்தான் செய்யவில்லை.

பின்னர் ஒருநாள் அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொல் மாற்றத்தைப் பற்றிக் கேட்டேன். ‘உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டுள்ளது’ என்றார்கள். மாற்றப்பட்டதா என்று கேட்டேன். பதிவு செய்யப்பட்டுள்ளது என்றே மறுபடியும் சொன்னார்கள்.

ஆடியில் மறுபடியும் மலைக்குப் போனேன். மேட்டுக் கொல்லையின் ஓரப் பாறைகளில் வெள்ளைச் சாயத்தால் கோடிட்டிருந்தார்கள். கோட்டுக்கு உட்புறம் புதர் இல்லை. வெட்டிச் சுத்தம் செய்து, உழுது, சாமை விதைக்கப்பட்டிருந்தது. முளைத்து, ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் பச்சை தெரிந்தது. கீழ்க் கொல்லையில் அதே சமயம் விதைத்த பயிர் அதைவிட உயரமாக நின்றது.

அந்தப் பெண் களையெடுத்துக்கொண்டிருந்தார். ஓய்வு முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

“எங்க முடிஞ்சிது? இன்னும் தூங்கியிருக்கணும் அது. பாதித் தூக்கத்துல எழுப்பிட்டோம்.” நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “சும்மா கெடக்குதுன்னு எழுதிட்டாங்க இல்ல? சும்மா இல்லன்னு காட்டணுமே. அதுக்குப் பேச்சு பத்தல, பயிர்தான் வேணும்னு தோணுச்சு.”

“விளையுமா?”

“வெளஞ்சா சோறு. வெளையலன்னா வைக்கோலு. ரெண்டும் இல்லன்னா, உழுத சால்தான் இருக்குமே. அத தரிசுன்னு எவனும் சொல்ல முடியாதுல்ல?”

உழுதவர் கொழுந்தன். தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, நாளெல்லாம் அண்ணியை வைதுகொண்டே உழுதாராம்; வைததை அவரே ஒப்புக்கொண்டார். பாறையோரம் நின்று எனக்கு ஓர் இடத்தைக் காட்டினார். “இங்க நெல்லி வெக்கலாம்னு கேட்டுக்கினு இருக்கேன் வாத்தியாரே. மண்ணு கம்மி, சாமைக்கு ஆவாது. மரம் தாங்கும். மாட்டுக்கும் எடஞ்சல் இல்ல. சொன்னா கேக்க மாட்டன்றாங்க.”

“கேக்க மாட்டேன்னு யாரு சொன்னா? பழம் யாருக்குன்னு கேட்டேன். அதுக்கு வாயத் தொறக்க மாட்டேங்குது” என்றார் அண்ணி, தலையைத் தூக்காமலே.

“பாதிப் பாதி அண்ணி.”

“தண்ணி ஊத்துறது?”

“அதுவும் பாதிப் பாதி.”

“ஊத்துறப்ப நீ குடகுக்குப் போய்டுவ. பறிக்கிறப்ப கரெக்டா வந்து நிப்ப.”

அவர்கள் அதைத் தீர்க்கட்டும் என்று நான் கீழே இறங்கினேன்.

மலைச் செயல்திட்டம் இறுதி ஒப்புதல் பெற்றுவிட்டதா என்பது எனக்குத் தெரியவில்லை. பாறைகளில் கோடிட்டவர்கள் யார், எந்த ஆணையின்படி இட்டார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. வரைவில் தரிசு என்னும் சொல் இன்னும் இருக்கிறதா, எடுக்கப்பட்டுவிட்டதா என்பதும் தெரியவில்லை. பாதி ஓய்வில் எழுப்பப்பட்ட நிலம் இவ்வாண்டு எவ்வளவு சாமை தரும் என்பதும், அடுத்த ஆண்டு அதனால் தர இயலுமா என்பதும் தெரியவில்லை.